நாற்பத்தொரு நொடி

சிரிப்பை அளப்பது என் வேலை.
வாரம் பதினெட்டு டாலர்,
ஒரு ஸ்டாப்வாட்ச், இரண்டு பென்சில்.
சிகாகோவில் பத்தொன்பதாம் மாடி,
வியாழன் இரவு எட்டு மணி:
ஹாலோவே சோப்புத்தூள் வழங்கும்
மில்ட் கேரிட்டியின் அரைமணி நேரம்.

பிரதியின் ஓரத்தில் குறிப்பேன்:
மாமியார், நான்கு நொடி.
பல் டாக்டர், ஏழு.
நாய் (எதற்கென்று தெரியவில்லை), ஒன்பது.

கண்ணாடிக்கு அப்பால் கம்பெனியின் ஆள்,
ப்ரூயிட், மடியில் தொப்பி.
அவர் சிரித்து நான் குறித்ததில்லை.
அவர் அடித்த வரிகள்தான் என்னிடம் உண்டு:
குதிரைக்குக்கூட நுரை தள்ளக்கூடாது.
மழை பெய்யலாம். சேறு வேண்டாம்.

மார்ச்சில் ஒரு வியாழன்.
முடியத் தொண்ணூறு நொடி,
அதில் அறுபது சோப்புக்கு.
காகிதத்தில் இல்லாததை மில்ட் சொன்னார்:
"எங்கள் வார்டு கவுன்சிலரின் சட்டையை
ஹாலோவேயில் ஊறப்போட்டேன்.
சட்டை அப்படியே இருக்கிறது.
கவுன்சிலரின் சாயம்தான் வெளுத்துவிட்டது."

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு மூன்றாம் வரிசையில் ஒரு டிராம் கண்டக்டர்,
சீருடையோடு வந்தவர்,
தொடையில் அறைந்துகொண்டார்.
அவ்வளவுதான், அரங்கு சரிந்தது.
டிரம்பெட்காரர் வாத்தியத்துக்குள்ளேயே சிரிக்க
அது வேறென்னவோ சத்தமாக வெளியே வந்தது.
இருபது. முப்பது.
அறிவிப்பாளர் வாயைத் திறந்து திறந்து மூடினார்.
நாற்பத்தொன்று.

எட்டரைக்கு ஒலிபரப்பு தன்பாட்டுக்கு அறுந்தது:
"ஹாலோவேயில் தோய்த்தால் உங்கள் துணி வெளு—"

மறுநாள் தந்தி.
கவுன்சிலரைப் பற்றி ஒரு சொல் இல்லை.
இழந்த இருபத்தொரு நொடிக்குக்
கணக்கு இருந்தது, சென்ட் வரைக்கும்.
கீழே: இனி எந்தச் சிரிப்பும்
எட்டு நொடியைத் தாண்டாமல் எழுதவும்.

எழுதினார்கள்.
மூன்று பேர், விடிய விடிய, கறுப்புக் காபியோடு,
சுமாராகச் சிரிக்கவைப்பது எப்படி என்று.
லேசான வேலை இல்லை அது. கூட இருந்து பார்த்தேன்.

மில்ட் என் மேசைக்கு வந்தார்.
"வெர்னா, சரியாக எத்தனை?"
சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்,
தேதி போட்டு, கையெழுத்தோடு.
மடித்துத் தொப்பியின் உள்பட்டையில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை துணி தோய்த்தேன்.
ஹாலோவே இல்லை, அது ஏழு சென்ட் கூடுதல்.
பெயரில்லாத மஞ்சள் கட்டி.
தலையணை உறையை அலசும்போது
கவுன்சிலர் நினைவுக்கு வந்தார்.
பக்கத்து வீட்டு மிசஸ் டோப்ரோவ்ஸ்கி
சுவரைத் தட்டும்வரை சிரித்தேன்.
ஸ்டாப்வாட்ச் ஆபீஸில் இருந்தது.