ஒன்பதாம் கேள்வி

ஒன்றிலிருந்து ஐந்துக்குள்
ஏதாவதொரு எண்ணை வட்டமிட வேண்டும்.
பென்சிலும் அவர்களே தந்தார்கள்.

"படிப்பில் ஆர்வமற்ற மாணவரை
உங்களால் எந்த அளவு மாற்ற முடியும்?"

திங்கட்கிழமை கேட்டிருந்தால் நாலு போட்டிருப்பேன்.
இன்று வியாழன்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிறது,
பாதி வகுப்பு
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.

யுவனேஷ் வந்து மூன்று வாரம்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறான் என்றார்கள்,
விடிகாலையில் போய் நின்றேன்.
ஓடவில்லை அவன். சிரித்தான்.
"டீச்சர், பொட்டிக்குப் பன்னெண்டு கிலோ,
முப்பத்தேழு பொட்டி. எவ்ளோ சொல்லு?"
நான் முழிப்பதற்குள் அவனே,
"நானூத்தி நாப்பத்தி நாலு.
பத்தால ஒரு தபா, ரெண்டால ஒரு தபா,
ரெண்டையும் கூட்டிக்கணும்.
நீதான சொல்லிக்குட்த்த."

ஏலக்காரர் அவன் வாயைப் பார்த்துத்தான்
சீட்டில் எழுதிக்கொண்டார்.
அவன் விரல் நுனிகள்
ஊறி வெளுத்திருந்தன.

காலியாக விடக்கூடாதாம்.
ஐந்தைச் சுற்றினேன்.
கொஞ்ச நேரம் கழித்து
ஒன்றையும்.

பத்தாம் கேள்வி,
பெற்றோர் ஒத்துழைப்பு பற்றியது.