பத்தொன்பதரை

கும்புறுப்பிட்டியில் பஸ்ஸை விட்டிறங்கி
ஓட்டோவில் இரண்டு கிலோமீற்றர்.
உடைமுள் வேலி, தண்ணித்தாங்கி, பிறகு அந்த வீடு:
ஒரு அறை, ஒரு குசினி.
கதவைத் திறந்ததும் புழுக்கை மணம்
எங்களுக்கு முன்னால் உள்ளே போய்
கதிரையில் உட்கார்ந்துகொண்டது.

பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில்
சுகிர்தாவின் கையெழுத்தில் ஆறு விதிகள்.
சமையல் உங்கள் பொறுப்பு.
காஸ் முடிந்தால் சொல்லுங்கோ.
படலையைச் சாத்துங்கோ, சாத்தினதைத் திரும்பிப் பாருங்கோ.
மிச்சச் சோற்றை ஆட்டுக்குப் போடவேண்டாம்,
வயிறு ஊதிச் செத்துப்போகும்.
ஐந்தாவது, எண்ணெய் பட்டு அழிந்திருந்தது.
கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை.
ஆறாவது, பாம்பு பற்றி.

"கடல் கிட்டவா?" என்று இவர் கேட்டார்.
"கிட்டத்தான். ஆனால் இது கச்சான் அடிக்கிற மாசம்,
சத்தம் அந்தப் பக்கம் போயிடும்."
கடலுக்கென்று காசு கட்டி வந்தவர்
மேற்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இயலினிக்கு ஆடுகளே போதும்.
படப்புத்தகத்துச் செம்மறி பஞ்சுமூட்டை.
இங்கே அது மண்ணிறம், காது தொங்கல்,
தடவினால் நாயின் முதுகு.
"இது பொய்ச் செம்மறி" என்றாள்.
அன்று பின்னேரமே அதில் ஒன்றுக்கு
பிஸ்கட் என்று பெயர் வைத்தாள்.

இரவு, ஜன்னலுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.
நல்ல வயதான ஆம்பிளை இருமல்.
இவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்
சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

விடிய, வேலைக்கு வாற பொடியன் வரவில்லை.
புல்மோட்டையிலிருந்து லொறி வந்துவிட்டது.
"அக்கா, ஒரு கை பிடிப்பீங்களா?"
வங்கியில் அடகுநகை நிறுக்கிற கை இது.
பிடித்தேன்.
பாலைமரக் கொப்பில் தராசு,
தராசில் சாக்கால் கட்டிய ஏணை.
ஒவ்வொன்றாய்த் தூக்கி உள்ளே வைக்க
நாலு காலும் காற்றில் கொஞ்சம் நடந்து
பிறகு நின்றுவிடும்.
விலாவுக்குள்ளே நெஞ்சு
என் உள்ளங்கையைத் தட்டித் தட்டி ஏதோ கேட்டது.
"இருபத்தெட்டு" என்றார் ஜவ்பர்.
"இருபத்தெட்டேகால்" என்றாள் சுகிர்தா.
கால் கிலோவுக்காக இரண்டு பேரும்
முள்ளைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்கள்.
அவர் பேனையால் உள்ளங்கையில் எழுதினார்.
ஒன்பது ஆடு, ஒன்பது எண், கட்டைவிரல் வரைக்கும்.

"என்னையும்" என்றாள் இயலினி.
எல்லாரும் சிரித்தோம். இவர்தான் தூக்கி வைத்தார்.
சாக்கு அவளை மூடி இறுக்க
காலிரண்டும் வெளியே தொங்க
முள் ஆடி, ஆடி, நின்றது.
"பத்தொன்பதரை!" என்று
கூவிப் பழகிய வாய் கூவியது.
எழுதிப் பழகிய பேனை
மணிக்கட்டுக்குப் போய்
அங்கே நின்றது.

நான் அவளை இறக்கினேன்,
தேவைக்கு மேல் கெதியாக.
"இன்னும் கொஞ்ச நேரம்" என்று அழுதாள்.

ஏற்றும்போது ஒன்றுக்குக் கால் முறிந்தது.
தாங்கிக்குப் பின்னால் வைத்தே முடித்தார்கள்.
மத்தியானம் சொப்பிங் பையில் ஈரல் வந்தது,
இன்னும் சூடு. எது என்று நான் கேட்கவில்லை.
"காசு வேண்டாம் அக்கா, பிடிச்சதுக்கு."
கழுவி, மிளகு அரைத்து,
வெங்காயம் கருகுமட்டும் நின்று பிரட்டினேன்.
பிள்ளை இரண்டு தரம் கேட்டு வாங்கினாள்.
நானும் சாப்பிட்டேன்.
உப்புக் கொஞ்சம் குறைவு.

இரவு உடுப்பு மாற்றும்போது பார்த்தேன்:
அவள் தொடையில் சாக்கின் பின்னல்
சின்னச் சின்னக் கட்டமாய், சிவப்பாய்.
தேங்காயெண்ணெய் தேய்த்தேன். போகவில்லை.
வெளியே அந்தக் கிழட்டு இருமல்
இரண்டு தரம் கேட்டது.
டோர்ச் மேசையில் கிடந்தது.
ஒருவரும் எழும்பவில்லை.