ஷீட்டுக்கு வாங்கிய ஆசிட்

"சேச்சி, வெள்ளறடாவுல வந்தாச்சு" என்றான்
ஸ்ரீகண்டன், போனில், காலை ஆறு மணிக்கு.
எது என்று நான் கேட்கவில்லை.
"செவப்புதானே?"
"செவப்பு. கடுகைப் பெருவிரலால
நசுக்கினது மாதிரி."

பத்துகாணிப் பக்கம் செக்போஸ்ட்டில்
அரிசி மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள்.
கோழிக்கழிவு வண்டியை
மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பி அனுப்புவார்கள்.
ஈயின் வயிற்று மடிப்பில் தொற்றி வருவதற்கு
பாஸ் எழுத ஆளில்லை.

ரப்பர் இலை கொட்டிக் கிடக்கிறது.
வெட்டு இல்லை. சிரட்டைகள் கவிழ்ந்து கிடக்கின்றன.
இன்னும் முப்பது நாளில் தளிர் வரும்,
இலைக்காம்பின் முடிச்சில் தேன் கசியும்
(பூவில் அல்ல. வியாபாரியிடம் இதைச் சொல்வதில்லை).
தேன் இறங்கிய பிறகு மருந்து வைக்கக் கூடாது.
முப்பது நாள்தான்.

நாற்பத்தொரு பெட்டி.
அடிப்பலகையைக் கழற்றிக் கம்பிவலை அடித்தோம்
நானும் மதினி டெல்பினும்.
வலைக்குக் கீழே வெள்ளையாய் ஏதாவது வேண்டும்,
விழுகிறது தெரிய.
டெல்பின் கோயில் திருவிழா பிளக்ஸைக்
கத்தரித்துக் கொண்டு வந்தாள்.
பின்பக்கம் வெள்ளை.
தேங்காயெண்ணெய் தடவிச் செருகினோம்.
ஆயரின் நெற்றி ஏழாம் பெட்டிக்கு,
வாணவேடிக்கை உபயதாரர் பெயர் இருபதுக்கு,
எல்லாரும் மண்ணைப் பார்த்தபடி.

ஆண் ஈ அறைகளை அறுத்துக் கோழிக்குப் போட்டேன்.
உண்ணிக்கு அங்கேதான் முட்டையிடப் பிரியம்,
மூடி திறக்க இரண்டு மூன்று நாள் கூடுதல்.
வெள்ளைவெளேரென்று, கண் மட்டும் ஊதா நிறத்தில்,
பிறக்காத ஆண்கள்.
கோழி தலை நிமிரவே இல்லை.

மருந்து வாங்கப் போக வேண்டியிருக்கவில்லை.
புகைப்புரை மூலையில் நீலக் கன்னாசில்
ஷீட் அடிக்க வாங்கிய பார்மிக் ஆசிட் பாதி இருந்தது.
பாலை உறைய வைக்கும் அதே புளிப்பு.
முசுட்டைக் கையால் நசுக்கினவருக்குத்
தெரியும் அந்த மணம்.
தண்ணீர் விட்டு, இருமல் மருந்துக் குப்பியில் ஊற்றி,
மூடியில் துளை போட்டு விளக்குத்திரி இட்டேன்.
கூடினால் ராணி போகும்.
குறைந்தால் உண்ணிக்குக் குளிப்பாட்டு.
எவ்வளவு என்பதற்கு மூக்கைத் தவிர
வேறு அளவு என்னிடம் இல்லை.

மத்தியானம் மறுபடி போன்.
"உங்க பன்னிரண்டு பெட்டி இங்க நிக்குதே,
கொண்டு போறீங்களா? வாடகை வேண்டாம்."
"அங்கேயே நிக்கட்டும்."
அவன் கொஞ்சநேரம் பேசவில்லை.
பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது.
"சரி" என்றான்.

முதல் நாள் அட்டையில் மெழுகுத்துகள், ஒரு ஈயின் கால்.
இரண்டாம் நாள் மெழுகுத்துகள்.
டெல்பின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பதினோராம் பெட்டியைத்
தூக்கி நிமிர்த்தியபோது
பழைய பலகையின் இடுக்கிலிருந்து உதிர்ந்தன.
ஏழு.
காய்ந்து, ஓடு மட்டுமாய், ஊதினால் பறந்தன.
ஒரு மழைக்காலமாவது ஆகியிருக்கும்.

போன மாசியில் அந்த வரிசையிலிருந்துதான்
பன்னிரண்டு பெட்டியை
ராத்திரி வண்டியில் ஏற்றி
ஸ்ரீகண்டன் தோட்டத்தில் இறக்கினேன்.
வாசலில் சாக்கு அடைத்து,
வலை இல்லாமல்,
ஒன்றையும் திறந்து பார்க்காமல்.

டெல்பின் என் முகத்தைப் பார்த்தாள்.
"எண்ணியாச்சா?" என்றாள்.
"எண்ணியாச்சு."

ஐந்து நாற்பது பஸ்ஸில்
கன்னாசைச் சாக்கில் சுற்றிக் காலுக்கிடையில் வைத்திருக்கிறேன்.
பன்னிரண்டு குப்பி, ஒரு முழம் திரி,
மீதிப் பிளக்ஸ் சுருட்டிக் கையில்.
இறங்கியதும் முதலில் என்ன சொல்வது என்று
வாயில் ஒன்று வருகிறது, போகிறது.

கண்டக்டர் முகம் சுளித்துக் குனிகிறார்:
"எந்தம்மா இது, கண்ணு எரியுது?"

"ரப்பருக்கு" என்கிறேன்.