பொறுத்துக்கொள்ளும் அளவு

சாவி வாங்கப் போன நாளில்
எங்களுக்குக் கிடைத்தது ஒரு வெறுங்கூடு.
வூச் நகரில் புது வீடென்றால் அப்படித்தான்.
சுவர் உண்டு, ஜன்னல் உண்டு,
உள்கதவு உன் பாடு, ஓடு உன் பாடு.
தரை என்பது
சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடக்கும் ஒரு வாக்குறுதி.

மூன்றாம் மாடி. நாற்பத்தெட்டுச் சதுர மீட்டர்.
இருபத்தைந்து வருஷத் தவணை.

ஸெனான் காலணியைக் கழற்றினான்.
கட்டட நிறுவனத்தின் கோர்டியான்
"எதற்கு? அழுக்குத்தானே" என்றான்.
ஸெனான் பதில் சொல்லாமல்
இரண்டு மீட்டர் அலுமினியச் சட்டத்தைத் தரையில் கிடத்தி
கன்னம் சிமெண்டில் படக் குனிந்து பார்த்தான்.
ஜன்னல் வெளிச்சம் எலிபோல
சட்டத்துக்கு அடியில் நுழைந்து
மறுபுறம் வந்தது.

ஆறு மில்லிமீட்டர்.

"பொறுத்துக்கொள்ளும் அளவுக்குள்தான்,"
மனப்பாடம் செய்த பிள்ளையின் வேகத்தில் சொன்னான் கோர்டியான்.
யார் பொறுத்துக்கொள்ளும் அளவு என்று கேட்டேன்.
தாளைப் புரட்டினான்.
எண் இருந்தது, ஆள் இல்லை.

பொருத்துகிறவன் ஒருவன், பொறுப்பவள் இன்னொருத்தி.
நடுவில் ஒரே ஓர் எழுத்து.
அந்த எழுத்துக்கும் சேர்த்துத்தான் வட்டி கட்டுகிறேன்.

பிறகு தட்ட ஆரம்பித்தான்,
என் குடைக்காம்பால், சாண் சாணாக,
தர்ப்பூசணி வாங்குகிறவன்போலக் காதைச் சாய்த்து.
டக். டக். டக்.
ஜன்னல் மூலையில், டொப்.
மறுபடி, டொப்.
சாக்பீஸால் வட்டம் போட்டான்.
வட்டம் வளர்ந்து வளர்ந்து
குளியல் தொட்டி அளவுக்கு வந்து நின்றது.
"அடியில் பிடிக்கவில்லை," என்றான்.
குரலில் கோபம் இல்லை.
அதுதான் எனக்கு உறுத்தியது.

குறைப் பட்டியலில் பதினோரு வரி,
பொடி எழுத்தில், அவசரமே இல்லாமல்.
கோர்டியான் மூன்று முறை கடிகாரம் பார்த்தான்.
சாவி அவன் பையிலேயே திரும்பிப் போனது.

அன்றிரவு வாடகை வீட்டுச் சமையலறையில்
முட்டைக்கோஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது.
"டோர்ட்முண்டில் ஒரு தரை ஊற்றினேன்,
வெள்ளிக்கிழமை. ஊருக்கு பஸ் நாலரைக்கு.
அடித்தளத்தைப் பெருக்கவில்லை.
தூசிமேல் ஊற்றினால் பிடிக்காதென்று தெரியும்,
தெரிந்தே ஊற்றினோம்.
அந்த வீட்டுக்காரி பிளம் கேக் கொண்டுவந்தாள்.
தின்றுவிட்டு பஸ் ஏறினேன்."

என்ன சொல்வதென்று தெரியாமல்
கேக்கில் கொட்டை எடுத்திருந்தாளா என்று கேட்டேன்.
"இல்லை," என்றான்,
"ஒவ்வொன்றாகத் துப்பினோம்."

ஐந்து வாரம் கழித்து மூன்று பேர் வந்தார்கள்.
உடைத்தெடுத்த துண்டின் அடிப்பக்கம்
மாவில் புரட்டிய ரொட்டிபோல வெள்ளைத் தூசி.
வாடகைக்கு எடுத்த தூசி உறிஞ்சியோடு
ஸெனான் மண்டியிட்டான்.
"அது எங்கள் வேலை," என்றான் கார்கிவ்காரன் ஓஸ்டாப்.
ஸெனான் நிமிராமலே கேட்டான்,
இன்றைக்கு என்ன கிழமை?
"செவ்வாய்."
"நல்லது," என்றான்.

இப்போது ஓக் பலகை போட்டாயிற்று.
குடியேறியும் நாலு மாதம்.

பத்தொன்பது வருஷமாக டிராம் ஓட்டுகிறேன்.
தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பையும்
உள்ளங்காலால் படிப்பவள்.
நேற்று இரவு ஷிப்ட் முடிந்து
விளக்குப் போடாமல் படுக்கையறைக்குள் வந்தேன்.
அலமாரிக்கு முன்னால், வலது குதிகாலுக்குக் கீழே,
சாப்பாட்டுத் தட்டு அகலத்தில்,
டொப்.

பதினோரு வரியில் இது இல்லை.
ஒருவேளை இதற்கு மட்டும் அவன் காது
அன்றைக்கு டோர்ட்முண்டில் இருந்ததோ என்னவோ.

கட்டிலில் குறட்டை நின்றது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.
நான் இன்னொரு முறை மிதிக்கவில்லை.
காலை நகர்த்தி வைத்து, சுற்றி வந்து படுத்தேன்.

இன்று வேலை முடிந்து வந்து பார்க்கிறேன்.
அலமாரி ஒரு சாண் முன்னால் வந்திருக்கிறது.
அறைக் கதவு முக்கால்வாசிதான் திறக்கிறது.
பையைக் கழற்றிக் கையில் பிடித்து
பக்கவாட்டில் நுழைகிறேன்.