செகண்ட்ஸ்

தைவான் மெஷின் வந்திறங்கிய பெட்டியைப்
பிரித்து எடுத்த பலகைகள்.
பாய்லருக்குப் போகவிருந்ததை
எடைபோட்டு வாங்கி
வேலம்பாளையம் வரைக்கும்
மொபெட்டில் குறுக்கே கட்டிவந்தேன்.

நாலு கால், எட்டுக் குறுக்குச் சட்டம்.
மீன்தொட்டி நாலடி. தண்ணீர் இருநூறு லிட்டர்.
கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால்
அஞ்சரை மூட்டை சிமெண்டு.
ஸ்டாண்டின் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தேன்.
முனகக்கூட இல்லை.

மச்சினன் சென்னியப்பன்
காப்பி டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டுக் கேட்டான்:
"சென்ட்ரிங்கை எப்பங்க மாமா பிரிப்பீங்க?"

அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்ததுதான் தேய்ப்பு.

எண்பதாம் நம்பர் தாள். அப்புறம் நூற்றைம்பது.
பைன் சொன்னபடி கேட்கிற மரம்;
முடிச்சு இருக்கும் இடத்தில் மட்டும்
பிசின் கக்கித் தாளை அடைத்துவிடும்.
ஆணிப் பொத்தல் நாற்பத்தி மூன்று.
தேய்த்த தூளையே பசையில் குழைத்து
ஒவ்வொன்றுக்கும் ஊட்டினேன்.
முன்னால் கதவு, சுற்றிலும் பீடிங்.
மூலைகளை மழுக்கினேன்,
சின்னவள் நெற்றி உயரம் அது.

"பைனு குடிகார மரமுங்க" என்றார் பெயிண்ட் கடை குப்புராஜ்.
"மொதல்ல சீலர் ஒரு கை குடுங்க,
இல்லாட்டி ஸ்டெயின் தேமலாட்ட நிக்கும்."
கேட்கவில்லை.
தேமலாட்ட நின்றது.
மறுபடியும் எண்பதாம் நம்பர்.

வார்னிஷ் அடிக்கிற நாளில்தான் தெரிந்தது
இந்த ஊர்க் காற்றில் நூல் ஓடுவது.
சந்துக்குள் ஓவர்லாக், எதிரில் கட்டிங் டேபிள்,
ஆடி மாசம் வேறு.
ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி,
நிலவில் ஈரவேட்டி கட்டித் தொங்கவிட்டு
நைட் ஷிப்ட் போய்வந்து பார்த்தால்
பலகைக்கு மீசை முளைத்திருந்தது.

சாந்தாமணிக்குச் செக்கிங்கில் பதினாறு வருஷம்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே போனாள்.
"இங்க வழிஞ்சிருக்குதுங்க.
இங்க ப்ரஷ்சு மயிரு.
இது பஞ்சு, இதுவும் பஞ்சு."
இருபத்தியொரு அம்பு.
அவள் கம்பெனியில் மூன்று விழுந்தாலே
அந்த பனியன் செகண்ட்ஸ்.

தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன், முந்நூற்றிருபது.
அடுத்த கோட்டில் ஒன்பது அம்பு.
அதற்கடுத்ததிலும் ஒன்பது.
அப்போதுதான் என் தலையைக் கண்ணாடியில் பார்த்தேன்,
நிட்டிங் ஹாலை அப்படியே தூக்கி வந்திருந்தது.
வேட்டியைத் தாண்டி உள்ளே பஞ்சைக் கொண்டுபோனது
நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்,
தெருவே ஷட்டர் இறக்கிய நேரம்,
தலைக்குக் குளித்து
வெற்றுடம்போடு அடித்த நாலாவது கோட்டுக்கு
அவள் ஸ்டிக்கர் சுருளை எடுக்கவில்லை.
புறங்கையால் தடவிப் பார்த்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"கடையில வாங்குனதாட்டவே இருக்குது."
பாராட்டுதானா என்று
இன்னும் எனக்குச் சந்தேகம்.

கதவைத் திறந்தால் தெரியும்,
உள்பலகையை நான் தொடவில்லை.
கறுப்பு மையில் மேல்நோக்கி இரண்டு அம்பு,
ஒரு ஒயின் கிளாஸ்,
ஒரு குடை: நனைக்காதே.
கடல் தாண்டியும் நனையாமல் வந்தது
இப்போது இருநூறு லிட்டரைத் தலையில் வைத்துக்கொண்டு
குடை பிடித்து நிற்கிறது.

ஒறம்பரை வந்த அன்றைக்கு
சென்னியப்பன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
எந்தக் கடை, என்ன விலை, தவணையா என்றான்.
மீன்களை ஒருதரமும் பார்க்கவில்லை.
பேச்சு சுவாரஸ்யத்தில்
தொட்டிக்கு வெளியே நீண்ட அரையடிப் பலகையில்
கொதிக்கக் கொதிக்க டம்ளரை வைத்தான்.
எடுக்கச் சொல்ல வாயைத் திறந்தேன்.
சாந்தாமணி என்னைப் பார்த்தாள்.
மூடிக்கொண்டேன்.

காலையில் அங்கே வெள்ளையாய் ஒரு வளையம்.
பக்கத்தில் சிவப்பாய் ஓர் அம்பு.

நானூறாம் நம்பர் தாள்
அரைத்துண்டு மிச்சம் இருக்கிறது.