முழங்காலில் நில்

ரிஸ்மியா எடுத்த வீடியோவில்
நான் ஒரு மின்கம்பம்.
பலகை அசைகிறது, துடுப்பு அசைகிறது,
பின்னால் கோணேசர் மலைகூட
அவள் கைநடுக்கத்தில் கொஞ்சம் அசைகிறது.
நான் அசையவில்லை.
பிறகு அலை வந்தது.
கம்பம் சாய்ந்தது.

பதினொரு செக்கன்.
டச்பே மணலில் இருந்து
ஒரு ரோல்ஸைப் பாதி பாதியாய்த் தின்றுகொண்டு
ஆறு தரம் பார்த்தோம்.
"மடிச்சனீயோ?"
"மடிச்சனான்தானே!"
"இடுப்பை மடிச்சிருக்கிறீர், கணக்கு ரீச்சர்.
முழங்கால் நேர்கோடு."

உண்மைதான்.
குனிவது எனக்குப் பழக்கம்:
விடைத்தாளுக்கு, அடுப்புக்கு, செருப்பு வாருக்கு,
உருண்டுபோன சோக்கட்டிக்கு.
முதுகு வளைந்தால்
ஆள் வளைந்த மாதிரி என்றொரு நம்பிக்கை.
கடல் அதை எடுக்காது.
தலை முன்னே போனால் பாரம் முன்னே போகும்,
பலகையின் மூக்கு தண்ணீரைக் குத்தும்,
மீதி உப்பு.

குந்தினால் துடுப்பு எட்டாது.
மண்டியிட்டால்
அது முதல் வாரத்து நான்.
நிற்பதற்கும் குந்துவதற்கும் நடுவிலுள்ள
அந்த ஒரு சாணுக்குச் சொல் தேடினேன்.
மடி என்றால்
சாகச் சொல்வது போலவும் இருக்கிறது,
பிள்ளையைத் தூக்கி வைப்பது போலவும்.

செவ்வாய்க்கிழமை, நிலாவெளி பஸ்.
அலஸ்தோட்டத்து வளைவில்
எல்லோரும் கம்பியைப் பிடித்தோம்.
கொண்டக்டர் பிடிக்கவில்லை.
ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் பேனை,
விரலிடுக்கில் மடித்த நோட்டுகள்.
பள்ளத்தில் பஸ் விழுந்தபோது
இடுப்புக்குக் கீழே அவன் விழுந்து எழும்பினான்.
இடுப்புக்கு மேலே
"இரக்கக்கண்டி ஆர்? இரக்கக்கண்டி?"
எழுத்துக்கூடக் கோணவில்லை.
பாதம் இரண்டும் தோளகலம்,
ஒன்று அரையடி பின்னே.
முழங்கால்,
கொளுக்கி போடாத கதவு.

அன்றே கம்பியை விட்டேன்.
சாம்பல்தீவுச் சந்தியில்
மரக்கறிப் பையோடு இருந்த ஒருத்தியின் மடியில்
போய் இருந்தேன்.
அந்தச் சொல்லுக்கு இன்னொரு உபயோகம்.

சனிக்கிழமை. வாடை தளர்ந்த மாசி.
அலை இடுப்பளவு,
நினைத்தால் நெஞ்சளவு.
தோளுக்கு மேலால் பார்த்து ஒன்றைத் தெரிந்தேன்.
மூன்று தரம் நீட்டி வலித்தேன், இரண்டு தரம் குறுக்கி.
வால் தூக்கியது.
வலது கால் தானாய்ப் பின்னே போனது.
கரையில் ரிஸ்மியா
கைகளை வாயில் குவித்துக் கத்துகிறாள்:
"முழங்கால்ல நில்லும்! முழங்கால்ல!"

பதினாறு வருடமாய் நான் சொல்லும் வசனம் அது.
வீட்டுவேலை செய்யாதவனுக்கு,
பக்கத்தில் கதைத்தவளுக்கு,
மூன்றாம் வாங்குக்கு மொத்தமாய்.
சீமெந்துத் தரை, ஒரு பாடவேளை.
அதே சொற்கள்தான்.
இவள் சொன்னதோ:
பாதத்தில் நிற்காதே, இடுப்பில் நிற்காதே,
நடுவிலே இரண்டு சில்லு இருக்கிறதே,
அதில் நில்.

நின்றேன்.
தொடை எரிந்தது.
அலை இறங்கியபோது
என் கீழ்ப்பாதி மட்டும் அதோடு போய் வந்தது.
கண்ணைப் பலகையில் வைக்காமல்
குப்பைத் தொட்டியருகே
தேங்காய்ப்பூவோ என்னவோ தின்றுகொண்டிருந்த
ஒரு புள்ளிமானில் வைத்தேன்.
நாலு செக்கன். ஐந்தும் இருக்கலாம்.
வீடியோவில் பாதிக்கு மேல்
ரிஸ்மியாவின் கட்டைவிரல்.

திங்கட்கிழமை, எட்டு 'சி'.
கிருஜனிடம் கொப்பி இல்லை.
வசனம் வாய்வரை வந்தது.
"எழும்பு" என்றேன், அதோடு நிறுத்தி.
எழும்பினான்.
மேசைக்குக் கீழே தெரிந்தன,
இரண்டு முழங்காலும்,
இறுக்கிப் பூட்டி.