உலர் எடை

இடமாற்றலில் போன டாக்டர்
என் மேசையில் விட்டுப்போனது
பீரோச் சாவியும்
நாலு இலையோடு ஒரு ஆர்கிட்டும்.
"கொஞ்சமாத் தண்ணி விடுங்க சிஸ்டர்"
என்றுவிட்டு நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டார்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு?
டயாலிசிஸ் அறையில் பதினோரு வருஷமாக
அந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்கிறேன்.
நாளைக்கு அறுநூறு மில்லி.
மோர், காப்பி, சோற்றில் விடுகிற ரசம்
எல்லாம் சேர்த்து.

வார்டுக்குள் செடி ஆகாது.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
வராந்தாக் கம்பியில் தொங்கவிட்டேன்.
பாளையங்கோட்டைச் சித்திரை,
கம்பியில் கை வைக்க முடியவில்லை.
பாவம் என்று வந்ததும் ஒரு டம்ளர்,
டூட்டி முடிகையில் ஒரு டம்ளர்.
ஆட்களுக்கு அளந்து அளந்து அலுத்த கை
செடிக்கு மட்டும் அளக்கவில்லை.

மூன்றாம் வாரம் அடி இலை மஞ்சளித்தது.
தாகம்போல என்று இன்னும் ஊற்றினேன்.

கவிழ்த்துப் பார்த்தால்
வேரெல்லாம் ஊறிப்போன காகிதம்.
விரலில் உருவ, தோல் கழன்று
நடுவில் நூல் மட்டும் நின்றது.
குளம் வற்றும்போது வருமே, அந்தச் சேற்று வாடை.
நெஞ்சுவரை நீர் ஏறி
படுக்க முடியாமல் நடுராத்திரி வருகிறவர்களை
வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.
இதன் முகம் எது என்றே
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாலாம் கட்டில் மாசானமுத்து,
பாபநாசம் லைனில் பஸ் ஓட்டியவர்,
ஊசி ஏற்றிய கையை அசைக்காமல் சிரித்தார்.
"எங்களுக்குன்னா சொட்டு சொட்டாத் தாரிய,
அதுக்கு மட்டும் குத்தாலமாக்கும்!"

கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்து
கருத்ததையெல்லாம் வெட்டினேன்.
வெட்டுவாயில் பட்டைப்பொடி.
மண்ணே வேண்டாமாம் இதற்கு,
மரத்தைப் பிடித்துக்கொண்டு
காற்றில் வேர் நீட்டி இருக்குமாம்.
இஸ்திரி வண்டியில் கரி கேட்டு வாங்கி,
கதம்பையைத் துண்டு போட்டு,
ஓட்டைத் தொட்டியில் உட்காரவைத்தேன்.
மிச்சம் மூன்று இலை, இரண்டு வேர்.

பிறகு அதற்கும் ஒரு நோட்டுப் போட்டேன்.
நனைந்து வடிந்ததும் நானூற்றுப் பத்து கிராம்.
வேர் சாம்பல் வெள்ளையாகக் காயும்போது
முந்நூற்று இருபது.
அதுதான் உலர் எடை.
அது வரும்வரை கை டம்ளரைத் தேடக் கூடாது.
போர் தண்ணீர் உப்பு என்று
மிஷினுக்கு வருகிற ஆர்.ஓ.வில் ஒரு பாட்டில்,
சூப்பர்வைசருக்குத் தெரியாமல்.

ஊற்றிய கொஞ்ச நேரத்தில்
வெள்ளை வேர் பச்சையாகும்.
குடிப்பது அப்படியே தெரியும்.
கண்ணாடி வழியே மாசானமுத்து
உதட்டை நக்கிக்கொண்டு பார்த்திருப்பார்.

ஆனியில் காற்று வந்தது,
ஈரத்தையெல்லாம் மலையிலேயே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு.
இலைக்கக்கத்தில் அரிசி அளவு
பச்சையாக ஏதோ.
தண்டென்றால் முனை பிளந்திருக்குமாம்,
வேரென்றால் மழுங்கியிருக்குமாம்.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும்
எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது.
ஆறாம் கட்டில் ஜொகராம்மாள்
பூ என்று பத்து ரூபாய் பந்தயம் கட்டினாள்.
செவ்வாயும் வெள்ளியும் மாசானமுத்து
எடை மிஷினில் ஏறும் முன்பே கேட்பார்,
"என்னம்மா, பூவா?"

ஆடி பிறந்து ஒரு வாரம்.
முனை கீழ்நோக்கி வளைந்துவிட்டது.

சொல்லக் கூச்சமாக இருந்தது.
அன்றைக்கென்று அவர்
மூன்றரைக் கிலோ கூடுதலாய் வந்திருந்தார்.
கொடைவீட்டில் பானகமாம்.
திட்டினேன். கேட்டுக்கொண்டார்.
அப்புறம் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி,
"வேருதானா? போட்டும்,
அதாவது குடிக்கட்டும்."

தராசில் வைத்துப் பார்த்தேன்.
முந்நூற்று முப்பத்தைந்து.

இன்றைக்கு இல்லை.